தெரிந்த நியாயம், புதிய மொழி: சமூக நீதி படித்து ஆங்கிலம் கற்கும் முறை

வயது வந்தவர்கள் ஆங்கிலம் கற்க உட்கார்ந்தால் பெரும்பாலும் குழந்தைகளின் பாடம்தான் கைக்கு வருகிறது. ஆப்பிள் சிவப்பு, ராமு பள்ளிக்குப் போகிறான், பூனை பாயில் படுத்திருக்கிறது. கூலி பாக்கிக்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுவோடு நின்றவருக்கும், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தவருக்கும் இந்த வாக்கியங்களில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் புத்தகம் மூடப்படுகிறது. "நமக்கு இங்கிலீஷ் வராது" என்ற முடிவும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த முடிவு தவறு. தவறு பாடத்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் புரிவதற்கு மொழி வேண்டும், விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இடஒதுக்கீடு, தீண்டாமை, குறைந்தபட்சக் கூலி, பஞ்சமி நிலம், கொத்தடிமை, சம வேலைக்குச் சம ஊதியம் எல்லாம் ஏற்கெனவே தெரியும். மேடைப் பேச்சில் கேட்டிருக்கிறார், சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறார், பலவற்றை அனுபவித்தும் இருக்கிறார். அதே விஷயத்தை ஆங்கிலத்தில் எடுத்தால், தெரியாத சொல்லின் பொருளைப் பாதி நேரம் விஷயமே சொல்லிக் கொடுத்துவிடும். இந்த முறையின் அடிப்படை விதி இது ஒன்றுதான்: தமிழில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டுமே முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தில் படியுங்கள்.

ஆங்கில எழுத்துகள் தெரிந்தவர்களுக்கு, பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டியாவது வாசிப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. எழுத்தே தெரியாதவர்கள் முதலில் அதை மட்டும் ஒரு மாதம் பழகிவிட்டு வரலாம். இங்கே ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கப் பழகினால் எழுத்துக்கூட்டல் எப்போதும் வராது. 'டெட்' என்று ஒலிக்கும் கடனுக்குள் 'பி' என்ற எழுத்து ஒளிந்திருப்பதைக் கண் பார்க்காமலே போய்விடும்.

முதல் பாடநூல்: 30 பிரிவுகள்

ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஏற்றுக்கொண்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம்தான் தொடங்குவதற்கு மிகப் பொருத்தமானது. மொத்தம் 30 பிரிவுகள். பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாக்கியங்கள்தான். தமிழ் மொழிபெயர்ப்பு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. இரண்டையும் அச்செடுத்து, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதில் பாதிக்கு மேல் இரண்டே அச்சுகளில் வார்த்தவை. ஒன்று, 'எவ்ரிஒன் ஹேஸ் த ரைட் டு...', அதாவது ஒவ்வொருவருக்கும் இதற்கு உரிமை உண்டு. மற்றது, 'நோ ஒன் ஷல் பி...', அதாவது எவரையும் இப்படிச் செய்யக் கூடாது. இந்த இரண்டு அச்சும் வாய்க்குப் பழகிவிட்டால் ஒவ்வொரு புதிய பிரிவிலும் பின்பாதியை மட்டும்தான் கற்க வேண்டியிருக்கும்.

வரிசையாக ஒன்றிலிருந்து முப்பது வரை போக வேண்டாம். 3, 4, 5, 6, 9 ஆகிய குறும்பிரிவுகளை முதல் வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 15, 20, 23. இருபத்து மூன்றில் 'ஈக்வல் பே ஃபார் ஈக்வல் வொர்க்' என்று வருகிறது. சம வேலைக்குச் சம ஊதியம். பிறகு முதல் பிரிவுக்கு வாருங்கள்: 'ஆல் ஹியூமன் பீயிங்ஸ் ஆர் பார்ன் ஃப்ரீ அண்ட் ஈக்வல் இன் டிக்னிட்டி அண்ட் ரைட்ஸ்.' வரைவில் அந்த இடத்தில் 'ஆல் மென்' என்றுதான் இருந்தது. 'ஆல் ஹியூமன் பீயிங்ஸ்' என்று மாற்ற வைத்ததில் முக்கியப் பங்கு இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுடையது. முன்னுரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது முழுவதும் ஒரே நீண்ட வாக்கியம். நம் அரசமைப்பின் முகப்புரையும் அப்படித்தான். முதல் பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் தொடங்குகிறவர்கள் முதல் நாளே சோர்ந்துபோகிறார்கள்.

ஒரு நாளைக்கு 40 நிமிடம்

வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட ஐந்து நாள் 40 நிமிடம் நல்லது. முதல் ஐந்து நிமிடம் தமிழ்ப் பகுதியைப் படியுங்கள். தமிழை முன்னால் படிப்பது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதுதான் விஷயத்தை மனதில் ஏற்றி வைக்கிறது. அடுத்து, ஆங்கிலப் பகுதியை ஒலியாகக் கேளுங்கள். கைபேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி உண்டு. வேகத்தைக் குறைத்து, கண்ணை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டால் போதும்.

அடுத்த 15 நிமிடம் பென்சிலோடு படிக்கும் நேரம். தெரியாத சொல்லின் கீழ் கோடு மட்டும் போட்டுவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். முடித்ததும் எண்ணிப் பாருங்கள். தமிழ் பக்கத்தில் இருக்கும்போது 100 சொல்லுக்கு 10 வரை தெரியாமல் இருந்தால் சமாளிக்கலாம். தமிழ் இல்லாமல் தனியாகப் படிக்கும் பக்கத்தில் 5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பகுதி உங்களுக்கு இன்னும் கனம். ஒரு மாதம் கழித்து எடுங்கள். உதவியில்லாமல் ஒரு பக்கம் நன்றாகப் புரிய 100-க்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று வாசிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே கடினமான பக்கத்தோடு மல்லுக்கட்டுவது உழைப்பு ஆகாது, நேர விரயம்.

கோடு போட்டவற்றில் ஐந்தை மட்டும் அகராதியில் பாருங்கள். எந்த ஐந்து? அதே பக்கத்தில் இரண்டு முறை வந்தது, அல்லது அது தெரியாமல் வாக்கியமே நகராதது. மீதியை விட்டுவிடுங்கள், முக்கியமான சொல் என்றால் திரும்பி வரும். கடைசிப் பத்து நிமிடம் பக்கத்தை மூடிவிட்டு, படித்ததை மூன்று ஆங்கில வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லி, பிறகு எழுதுங்கள். இலக்கணப் பிழை வரும். வரட்டும்.

கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியில் முழுப் பத்தியையும் போட்டுப் பார்ப்பதுதான் இந்த முறையைக் கெடுக்கும் பெரிய பழக்கம். தமிழ் வந்ததும் கண் ஆங்கிலத்தை விட்டுவிடுகிறது. செயலியை அகராதியாகப் பயன்படுத்துங்கள், ஒரு சொல்லுக்கு, அதிகம் போனால் ஒரு சொற்றொடருக்கு.

வாக்கியத்தை எங்கே வெட்டுவது

சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்பதுதான் தமிழர்கள் அதிகம் சொல்லும் குறை. காரணம் வெளிப்படை. தமிழில் வினை கடைசியில் நிற்கும், அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால் வரும். "பஞ்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள்" என்கிறோம். ஆங்கிலம் 'த விமன்' என்று பெண்களை முதலில் நிறுத்திவிட்டு, 'ஹூ வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ் இன் த மில்ஸ்' என்று விவரத்தைப் பின்னால் கட்டும். தமிழ் மனம் வாக்கிய முடிவில் வினையைத் தேடுகிறது. அங்கே இருப்பதோ விவரம்.

ஆகவே எந்த நீண்ட வாக்கியத்திலும் முதலில் முக்கிய வினையைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள். அரசமைப்பின் 24-வது பிரிவை எடுப்போம்: 'நோ சைல்ட் பிலோ த ஏஜ் ஆஃப் ஃபோர்ட்டீன் இயர்ஸ் ஷல் பி எம்ப்ளாய்ட் டு வொர்க் இன் எனி ஃபேக்டரி ஆர் மைன் ஆர் எங்கேஜ்ட் இன் எனி அதர் ஹஸார்டஸ் எம்ப்ளாய்மென்ட்.' வட்டம் 'ஷல் பி எம்ப்ளாய்ட்' மேல் விழ வேண்டும். அதற்கு இடப்பக்கம் இருப்பது யார்: பதினான்கு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையும். வலப்பக்கம் இருப்பது எதில்: தொழிற்சாலை, சுரங்கம். பிறகு வரும் 'எங்கேஜ்ட்' தனி வாக்கியம் அல்ல, முன்னால் சொன்ன 'ஷல் பி'யிலேயே அதுவும் தொங்குகிறது. இந்த இரண்டாவது வினையைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

'ஷல்' என்பதைப் பள்ளியில் எதிர்காலம் என்று படித்திருப்போம். சட்டத்தில் அது கட்டாயம்: செய்தே ஆக வேண்டும், செய்யவே கூடாது. 'மே' என்று வந்தால் செய்யலாம், அதற்கு அதிகாரம் உண்டு என்று பொருள். ஒரு சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறதா, அதிகாரியின் விருப்பத்துக்கு விடுகிறதா என்பது பல நேரம் இந்த இரு சொற்களில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கிலப் பாடமும் உரிமைப் பாடமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்த முடிச்சு எதிர்மறை. தமிழில் 'இல்லை', 'கூடாது' கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது வாசலிலேயே நிற்கலாம். அரசமைப்பின் 15-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு 'நத்திங்' என்று தொடங்குகிறது. நடுவில் ஒரு வால் போய், பிறகு 'ஷல் ப்ரிவென்ட் த ஸ்டேட் ஃப்ரம் மேக்கிங் எனி ஸ்பெஷல் ப்ரொவிஷன்' என்று வருகிறது. வாலை விரலால் மறைத்துக்கொண்டு 'நத்திங் ஷல் ப்ரிவென்ட்' என்பதை மட்டும் படியுங்கள்: எதுவும் தடுக்காது. யாரை? அரசை. எதிலிருந்து? சிறப்பு ஏற்பாடு செய்வதிலிருந்து. யாருக்காக என்பது மீதி வரியில் இருக்கிறது: சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினருக்காக, பட்டியல் சாதியினருக்காக, பழங்குடியினருக்காக. சாதி, மத வாரியாக இடங்களைப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951-இல் செல்லாது என்றதும், பெரியார் முன்னின்ற போராட்டமும், அதே ஆண்டு வந்த முதல் சட்டத்திருத்தமும் தமிழ் வாசகருக்குத் தெரிந்த கதை. அந்தத் திருத்தத்தில் பிறந்த வரிதான் இது. அதனால்தான் இவ்வளவு சிக்கலான வாக்கியமும் நமக்கு விரைவில் திறந்துகொள்கிறது.

மூன்றாவது, செய்தவரைச் சொல்லாத வாக்கியம். 'தே வேர் டினைட் என்ட்ரி.' நுழைய விடவில்லை. யார் விடவில்லை என்று இல்லை. செய்தியிலும் அறிக்கையிலும் இந்த அமைப்பு மிக அதிகம். இப்படி ஒரு வாக்கியம் வரும்போதெல்லாம் ஓரத்தில் 'ஹூ?' என்று எழுதுங்கள். பதில் அடுத்த வரிகளில் கிடைத்தால் வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள்: இன்னார் அவர்களைத் தடுத்தார்கள். வினை வடிவங்கள் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பதில் கட்டுரை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

நோட்டில் எதை எழுதுவது

தனிச் சொல்லை எழுதாதீர்கள், சொல் கூடவே கூட்டி வரும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். நாம் புகார் 'கொடுக்கிறோம்'. ஆங்கிலத்தில் 'ஃபைல் எ கம்ப்ளெய்ன்ட்'. தமிழை அப்படியே வைத்து 'கிவ் கம்ப்ளெய்ன்ட்' என்று எழுதுவது நம்மிடம் மிகப் பரவலான பிழை. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' போடுவதும் அப்படித்தான், அது தேவையில்லை. ஒட்டிக்கொள்ளும் சிறு சொல்லையும் எழுதுங்கள்: 'டிஸ்க்ரிமினேட் அகென்ஸ்ட்', 'டிப்ரைவ்ட் ஆஃப்', 'என்டைட்டில்ட் டு'. இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை, ஜோடியாகவே மனதில் ஏற வேண்டும்.

ஒரு சொல் கிடைத்தால் அதன் குடும்பத்தையும் ஒரே வரியில் வைக்கலாம்: ஈக்வல், ஈக்வலி, ஈக்வாலிட்டி, இன்ஈக்வாலிட்டி. எக்ஸ்க்ளூட், எக்ஸ்க்ளூஷன். அப்படி எழுதும்போது ஒரு சொல் நான்காகிறது.

தெரிந்த சொல் போல வந்து ஏமாற்றுபவைக்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் வையுங்கள். அரசமைப்பின் 15, 17-வது பிரிவுகளில் வரும் 'டிஸபிலிட்டி' உடல் குறைபாட்டைக் குறிப்பதல்ல. பிறப்பைக் காட்டி ஒருவர் மேல் சுமத்தும் தடை. அதே 15-வது பிரிவில் கிணறுகளோடு வரும் 'டேங்க்ஸ்' நீர்த்தொட்டி அல்ல, குளம். 'கம்யூனல்' இன்றைய செய்தித்தாளில் மதவாதத்தைக் குறிக்கும்; 1920-களின் 'கம்யூனல் ஜி.ஓ.'வில் அது வெறும் வகுப்புவாரி. செய்தித் தலைப்பில் 'எஸ்.சி.' என்று இருந்தால் உச்ச நீதிமன்றமா பட்டியல் சாதியா என்பதை அடுத்த சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'ஹெல்ட்' என்று தலைப்பில் வந்தால் பெரும்பாலும் கைது.

பழைய ஆவணங்களில் வரும் சில சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும், பேச்சில் எடுத்தாளக் கூடாது. 'ஹரிஜன்', கறுப்பின மக்களைக் குறித்த 'நீக்ரோ', மாற்றுத்திறனாளிகளைக் குறித்த 'ஹேண்டிகேப்ட்' ஆகியவை அப்படிப்பட்டவை. ஆங்கிலம் கற்பவர் புத்தகத்தில் பார்த்ததைச் சரி என்று நம்பிச் சொல்லிவிடுவார். கேட்பவர் மனம் புண்படும். நோட்டில் இவற்றுக்குச் சிவப்பு மையில் குறி போடுங்கள்.

பிரகடனத்துக்குப் பிறகு

இரண்டு மாதத்தில் பிரகடனம் முடியும். அடுத்து அரசமைப்பின் 14 முதல் 24 வரையான பிரிவுகள், தமிழ்ப் பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு. 17-ஐ முதலில் எடுங்கள். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று அறிவிக்கும் பிரிவு, இரண்டே வாக்கியம். 19, 22 நீளமானவை, அவசரமில்லை. கூடவே, ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்களுக்காகத் தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த இருக்கை வசதிப் பிரிவையும் படிக்கலாம். ஒரே வாக்கியம், 'ஆன் தெயர் டோஸ்' என்ற மரபுத்தொடர்கூட அதில் வருகிறது.

நான்காம் மாதத்தில் செய்திக் கட்டுரைகள். ஒரே நிகழ்வைத் தமிழ் நாளிதழில் காலையிலும் ஆங்கில நாளிதழில் மாலையிலும் படியுங்கள். எளிய ஆங்கில விக்கிப்பீடியாவில் நமக்குத் தெரிந்த ஆட்களையும் போராட்டங்களையும் தேடிப் படிப்பதும் உதவும். வன்கொடுமைச் செய்திகளை மட்டுமே நாள்தோறும் படித்தால் மனம் கனத்து, புத்தகத்தை எடுக்கவே கை போகாது. வென்ற வழக்கு, கூலி உயர்ந்த செய்தி, சங்கம் கட்டிய வரலாறு எல்லாவற்றையும் கலந்து வையுங்கள்.

ஆறாம் மாதத்தில் அம்பேத்கர். பெரிய அறிஞரின் ஆங்கிலம் கடினமாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அவர் கருத்து ஆழமானது, வாக்கியங்கள் பல இடங்களில் குறுகியவை, நேரானவை. 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசியதிலிருந்து ஒரு வரி: 'இன் பாலிடிக்ஸ் வி வில் ஹேவ் ஈக்வாலிட்டி அண்ட் இன் சோஷியல் அண்ட் எகனாமிக் லைஃப் வி வில் ஹேவ் இன்ஈக்வாலிட்டி.' இதில் உங்களுக்குத் தெரியாத சொல் அப்போது ஒன்றுகூட இருக்காது. மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அவரது ஆங்கிலத் தொகுதிகள் வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்த் தொகுதிகளை நூலகத்தில் எடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும்.

தீர்ப்புகளைக் கடைசியில் வையுங்கள். முதல் தீர்ப்பாக மேலே சொன்ன 1951 வழக்கையே எடுங்கள், சென்னை மாகாணத்துக்கும் செண்பகம் துரைராஜனுக்கும் இடையிலானது. அது குறுகிய தீர்ப்பு. தொடக்கத்திலேயே கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்ற பட்டியல் வருகிறது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜன்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. எண்களைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழையலாம். பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசு வேலை இடஒதுக்கீடு பற்றிய 1992 மண்டல் தீர்ப்பை இப்போது தொட வேண்டாம். பல நூறு பக்கம்.

சேர்ந்து படிப்பது

நான்கு முதல் ஆறு பேர் வாரம் ஒரு முறை கூடினால் வேகம் கூடும். ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க, அடுத்தவர் தமிழில் பொருள் சொல்ல, மூன்றாமவர் வினைக்கு வட்டம் போட்டுக் காட்டட்டும். உச்சரிப்பைத் திருத்தி நடுவில் நிறுத்தாதீர்கள், முடித்த பிறகு இரண்டு திருத்தம் போதும். 'லா' சட்டம், 'லோ' தாழ்வு என்பது போலப் பொருள் மாறும் இடங்களை மட்டும் பிடித்தால் சரி.

வாத்தியார் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவில், வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வு என்ற தடையைத் தாண்டுவதற்காக, கறுப்பின மக்களுக்கான முதல் குடியுரிமைப் பள்ளி 1957 ஜனவரியில் தொடங்கியது. சொல்லிக்கொடுத்த பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, சிகையலங்காரத் தொழில் செய்தவர். குழந்தைகளின் பாடநூலை ஒதுக்கிவிட்டு, வந்த பெரியவர்களுக்கு என்ன தேவையோ அதிலிருந்து தொடங்கினார்: பெயரைக் கையெழுத்திடுவது, படிவம் நிரப்புவது, கணக்குப் பார்ப்பது. சுவரில் அவர் ஒட்டி வைத்ததும் இதே மனித உரிமைப் பிரகடனம்தான்.

எழுதுவதற்கு ஒரு மனு

படித்தது கையில் வந்ததா என்று பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் ஒரு மனுவை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழிலும் கொடுக்கலாம் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. முதல் வரியில் 6-வது பிரிவின் முதல் உட்பிரிவின் கீழ் தகவல் கேட்பதாகச் சொல்லுங்கள். பிறகு எண் போட்டு மூன்று கேள்விகள். ஒவ்வொன்றும் 'ப்ளீஸ் ப்ரொவைட்' என்று தொடங்கி, என்ன ஆவணம், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதோடு முடியட்டும். 'ஒய்' என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். கையிலுள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும், காரணம் கேட்டால் பதில் தராமல் தள்ளிவிட வழி கிடைக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்களும் எழுத வேண்டியதில்லை, அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 120 சொற்களுக்குள் முடியும். குழுவில் ஒருவர் படித்துப் பார்த்து, கேள்வி அவருக்குப் புரிகிறதா என்று மட்டும் சொல்லட்டும். பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுப்பி, ஒப்புகைச் சீட்டில் தேதியைக் குறித்து வையுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஆங்கிலத்தில் வந்தால் அதுவே அடுத்த வாரத்துப் பாடம்.